வெறும் வயிற்றில்

சித்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு, எழுபதைக் கடந்த வயதில், இடுப்பில் வலி தொடங்கியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்த வாரம் அது. தெருவிலுள்ள தெலுங்குக் குடும்பங்களுக்கு அவர் ‘அய்யவாரு’. தமிழ்க் குடும்பங்களுக்கு ‘வாத்தியார்’. எலும்பு சார்ந்த எந்த வலிக்கும் அந்த வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் புத்தூர். அதனருகே தலைமுறைகளாகப் போடப்பட்டுவரும் எலும்புமுறிவுக் கட்டு தென்னிந்தியா முழுவதும் அறிந்தது. அங்கே போய்வருவது என்றுதான் வீட்டில் முடிவாயிற்று. மழையால் பயணம் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போன அந்நாள்களில்தான், அவர் இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுவதை மனைவி கணக்கெடுத்தார். திருப்பதியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னார். இரண்டு தொல்லைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று மகளுக்குத் தோன்றியது. இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு மிக உயர்ந்திருந்தது. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் கறைகள் தெரிந்தன. புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று எலும்புவரை வந்துவிட்டிருந்தது. அந்த இடுப்பை அழுத்திப் பிடித்துவிட யாருக்கும் வாய்ப்பளிக்காமல் மழை ஓர் உதவி செய்திருந்தது என்றே கொள்ளவேண்டும்.

சித்தூர்க்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் இரண்டு திசைகள் உண்டு. தெற்கே நாற்பது கிலோமீட்டருக்குள் வேலூர். வடக்கே எழுபது கிலோமீட்டரில் திருப்பதி. மகள் இருக்கும் ஊர் என்பதால் திருப்பதி தேர்வாயிற்று. புராஸ்டேட் புற்று டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை உண்டு வளர்வது. அதை நிறுத்தினால் புற்று சுருங்கும். இதை 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினர். ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. ஆசிரியருக்கு மூன்று மாதத்திற்கு ஓர் ஊசி. நாள்தோறும் அபிராட்டெரோன் 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு. உடன் பிரெட்னிசோலோன் ஒன்று.

முதல் நாள் மருத்துவரிடம் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “என்ன சாப்பாடு கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது?” மருத்துவர், “எப்போதும்போல எல்லாம் கொடுங்கள் அம்மா” என்றார். சொன்னது தவறில்லை. ஆனால் காய்ச்சலுக்கு ஓர் உணவு, மஞ்சள்காமாலைக்கு ஓர் உணவு, பிள்ளை பெற்றவளுக்கு ஓர் உணவு என்று வாழ்ந்த வீட்டில் அந்த விடை விடையாகவே ஏற்கப்படவில்லை. பத்தியம் சொல்லாத மருந்து பாதி மருந்து. பெரிய நோய்க்குப் பெரிய பத்தியம் இருந்தாகவேண்டும். மருத்துவருக்கு நேரமில்லாததால் சொல்லவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். மருத்துவர் விட்ட வெற்றிடத்தை உறவினர்கள் நிரப்பத் தொடங்கினர்.

மனைவியின் தம்பி மதனப்பள்ளியில் தக்காளி மண்டியில் கணக்கெழுதுபவர். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் இந்தப் புற்றுக்கு நல்லது என்று எங்கோ கேட்டுவந்து, கூடை கூடையாக அனுப்பினார். 2023 ஜூலையில் அதே சந்தையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோதும் கூடை நிற்கவில்லை. அமெரிக்காவிலுள்ள மகன் செலினியமும் வைட்டமின் ஈயும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரைப் புட்டியை அனுப்பினார். பக்கத்து வீட்டார் மிளகுச் சத்து கலந்த மஞ்சள் மாத்திரையைப் பரிந்துரைத்தனர். ஓர் உறவினர் முள்சீத்தா இலைப்பொடி கொண்டுவந்தார். இரண்டே மாதத்தில், முன்பு நன்னூல் உரைகள் இருந்த அலமாரித் தட்டில் புட்டிகள் வரிசையாக நின்றன. ஆசிரியர் எதையும் மறுக்கவில்லை. ஊசியை மற்றவர் போட்டனர், ஸ்கேனை மற்றவர் படித்தனர், பேருந்தில் மற்றவர் இடம்பிடித்துத் தந்தனர். புட்டியைத் திறந்து எண்ணி விழுங்குவது ஒன்றே அவர் தம் கையால் செய்யக்கூடியதாக இருந்தது.

மகள் அந்தத் தட்டைத் தம் பாடத்தின் கண்ணால் பார்த்தார். தக்காளிக் கதையின் வேர் 1995-இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் ஜியோவனுச்சியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க மருத்துவத் துறை ஆண்கள் பல்லாயிரவரின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து பதிவுசெய்தபோது, தக்காளிப் பொருள்களை மிகுதியாக உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்று குறைவாகத் தோன்றியது. இது நோய் இல்லாதவர்களைக் கவனித்து எழுதிய கணக்கு. தக்காளி உண்பவர் வேறு எத்தனையோ வகையிலும் மற்றவரிடமிருந்து வேறுபடலாம். வந்துவிட்ட நோயைத் தக்காளி மாற்றும் என்பதற்கு அது சான்றாகாது. காய்கறி உணவு நோயின் போக்கை மாற்றுமா என்பதை நேராகச் சோதித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தொடக்கநிலைப் புற்றுள்ள 478 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தொலைபேசியில் அறிவுரை சொல்லிக் காய்கறியை மிகுதியாக உண்ணச் செய்தனர். அவர்கள் உண்மையிலேயே உண்டனர். இரத்தத்தில் அதன் தடயமும் உயர்ந்தது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது நோய் முன்னேறிய அளவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தக்காளித் தொக்கு நல்ல தொக்கு, அவ்வளவே.

மகன் அனுப்பிய புட்டியின் கதை இதைவிடக் கடுமையானது. செலினியமும் வைட்டமின் ஈயும் புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 2001-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பியூர்ட்டோ ரிக்கோவிலும் ஒரு பெரும் சோதனை தொடங்கியது. பங்குகொண்ட ஆண்கள் 35,533 பேர். பயன் எதுவும் தெரியாததால் 2008-இல் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது; கவனிப்பு தொடர்ந்தது. 2011-இல் வந்த முடிவு: வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் புற்று 17 விழுக்காடு அதிகம். மகள் வகுப்பில் விழுக்காட்டை இப்படித் தனியே விடுவதில்லை. ஏழாண்டுகளில் வெற்று மாத்திரை உண்ட 1,000 பேரில் 65 பேருக்கு நோய் வந்தது, வைட்டமின் ஈ உண்ட 1,000 பேரில் 76 பேருக்கு வந்தது என்று விரித்துச் சொல்வார். வேறுபாடு 11 பேர். பெரிய எண் அன்று. ஆனால் தடுக்கும் என்று கொடுத்த பொருள் கூட்டிவிட்டது. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் நலமாயிருந்த ஆண்கள், நைனா நோயாளி. ஆகவே எண்களை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது என்பதும் மகளுக்குத் தெரியும். இத்தனை தெரிந்தும் அவர் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. பத்தாயிரம் மைல் தொலைவில் இருப்பவன் தகப்பனுக்குச் செய்யும் ஒன்றைத் தட்டிவிட மனம் வரவில்லை. சான்றுகளைப் படிப்பவர்களும் வீட்டுக்குள் வந்தால் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

ஜூலை இறுதியில் வந்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பு அளவைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தன. அபிராட்டெரோனுக்கு இது அறியப்பட்ட பக்கவிளைவு. அதனால்தான் முதல் மூன்று மாதங்களுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பார்கள். மருத்துவர் மாத்திரையை உடனே நிறுத்தினார். புற்றைப் பிடித்துவைத்திருந்த மருந்து அது. பிறகு அவர் கேட்டார்: “வேறு என்ன சாப்பிடுகிறார்?” எதுவுமில்லை என்றார் ஆசிரியர். மருத்துவர் மகளைப் பார்த்தார். “அடுத்த வாரம் வரும்போது வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நல்லது கெட்டது நான் பார்த்துக்கொள்கிறேன். யாரையும் திட்டமாட்டேன்.” அந்தக் கடைசி வாக்கியத்தை எல்லா மருத்துவர்களும் சொல்வதில்லை.

பையைக் கட்ட மகள் சித்தூருக்கு வந்தார். அன்று காலை அம்மாவின் அருகில் நின்றபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நெய் விட்ட இட்லி நான்கை உண்டு முடித்த கணவருக்கு அம்மா மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறார். “இத்தனை வீரியமான மாத்திரை, வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துபோயிடாதாடி?” என்றார். “டாக்டரும் சாப்பிட்ட பிறகுன்னுதானே சொன்னார்.”

மருத்துவர் அப்படிச் சொன்னதும் உண்மைதான். ஆனால் பிரெட்னிசோலோனைப் பற்றி. அது உணவுக்குப் பின் உண்ணவேண்டியது. அபிராட்டெரோன் அதற்கு நேர்மாறு: உண்டபின் இரண்டு மணிநேரமாவது கழிந்திருக்கவேண்டும், விழுங்கியபின் ஒரு மணிநேரம் எதுவும் உண்ணக் கூடாது. காரணம், உணவோடு, குறிப்பாகக் கொழுப்போடு, சேர்ந்தால் அது பல மடங்கு உடலில் ஏறிவிடும். கொழுப்பு மிக்க உணவோடு பத்து மடங்குவரை. மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கம் தெலுங்கில் சொல்லப்பட்டது. கேட்டவர் அதைத் தமிழில் நினைவில் வைத்துக்கொண்டார். மூன்று மொழிகளுக்கு நடுவில் இரண்டு மாத்திரைகளின் விதி ஒன்றாகிப்போயிருந்தது. சித்தூர், நகரி, குப்பம் பகுதித் தமிழ் வீடுகளில் இத்தகைய நழுவல் எத்தனை நோய்களில் நடந்திருக்கும் என்பதை யாரேனும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தக்காளியைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் ஆயிரம் பேச்சு நடந்த வீட்டில், உண்மையாகவே உயிரோடு தொடர்புடைய ஒரே பத்தியம் இதுவாக இருந்தது. அதை மட்டும் யாரும் பேசவில்லை.

அலமாரித் தட்டைக் காலிசெய்துவிட்டுப் புத்தகங்களைச் சரிசெய்கையில், பின்வரிசையில் ஒரு பீங்கான் ஜாடி கையில் தட்டுப்பட்டது. அமுக்கராவும் பூனைக்காலி விதையும் சேர்ந்த லேகியம். எதற்கான லேகியம் என்பது ஜாடியின் மேல் தெளிவாக எழுதியிருந்தது. மகள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

இந்தச் சிகிச்சை ஓர் ஆணிடமிருந்து எடுத்துக்கொள்வது என்னவென்று புறநோயாளிப் பிரிவில் யாரும் விரித்துச் சொல்வதில்லை. டெஸ்டோஸ்டிரோன் அற்றுப்போனால் இச்சை அடங்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நேர்வதுபோல் திடீர் வெப்பமும் வியர்வையும் வரும், தசை கரையும், வயிறு தடிக்கும், மார்பு சற்றே பூரிக்கலாம், காரணமின்றிக் கண் கலங்கும். ஆசிரியர் இரவில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்திருப்பதை மனைவி பார்த்திருக்கிறார், என்னவென்று கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஐம்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் அந்தச் சொற்களுக்கு இடமிருந்ததில்லை. சொல்ல முடியாததற்கு அவர் ஒரு ஜாடியை வாங்கிவைத்துக்கொண்டார்.

அந்த ஜாடி பைக்குள் போகவேண்டும் என்பது மகளுக்குத் தெரியும். அமுக்கரா டெஸ்டோஸ்டிரோனைச் சற்று உயர்த்துவதாக, நலமான ஆண்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்டுக்கொண்டிருக்கும் முதியவருக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாதெனினும், சிகிச்சை போகும் திசைக்கு அது நேரெதிர்த் திசை. அரிதாகக் கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மஞ்சள் மாத்திரைக்கும் அதே குற்றச்சாட்டு உண்டு. சமையலில் விழும் மஞ்சள் குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் குர்க்குமின் உறிஞ்சப்படுவது இருபது மடங்கு கூடுகிறது என்று 1998-இல் கண்டுசொன்னவர்கள் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். அந்தக் கண்டுபிடிப்பைப் புட்டியில் அடைத்து விற்றபின், மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களின் பட்டியல் அமெரிக்காவில் வெளிவந்தது. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு. ஆயிரம் மில்லிகிராம் சாறு வேறு.

இரவு உணவுக்குப் பின் மகள் பையைக் கூடத்தில் திறந்தபடி வைத்தார். “நைனா, டாக்டர் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா நீங்களே போட்டுடுங்க. நான் காலையில பையைக் கட்டிடறேன்.” அவ்வளவுதான் சொன்னார். காலையில் பையின் அடியில், தினமணித் தாளில் சுற்றி, ஜாடி இருந்தது.

மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். தாளைப் பிரித்துப் பார்த்தவர், முகத்தில் எதுவும் காட்டாமல், மகளையும் மனைவியையும் வெளியே அமரச் சொன்னார். இருபது நிமிடம் உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை ஆசிரியர் யாரிடமும் சொன்னதில்லை.

புட்டிகள் எல்லாம் நின்றன. நொதிகள் மூன்று வாரத்தில் தணிந்தன. தணிந்ததற்குக் காரணம் நெய் இட்லியோடு ஏறிய அபிராட்டெரோன் நின்றதா, மஞ்சள் மாத்திரை நின்றதா, லேகியம் நின்றதா என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. புள்ளியியல் ஆசிரியைக்கு இது உறுத்தியது. மருத்துவர் சிரித்தார்: “உங்களுக்குத் தேவை விடை, எனக்குத் தேவை கல்லீரல்.”

கலப்புக்கும் மறைப்புக்கும் இந்த நோயின் வரலாற்றிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ‘பி.சி.-ஸ்பெஸ்’ என்ற எட்டு மூலிகைக் கலவை விற்பனைக்கு வந்தது. பி.எஸ்.ஏ. உண்மையிலேயே இறங்கியது, பல்கலைக்கழகங்கள் ஆர்வத்தோடு ஆராயத் தொடங்கின. பிறகு, சில தொகுதிகளில் செயற்கை ஈஸ்ட்ரோஜனும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும், இண்டோமெத்தசின் என்னும் வலி மருந்தும் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2002-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த ஈஸ்ட்ரோஜன், ஹக்கின்ஸ் காலத்திலிருந்து இதே புற்றுக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. மூலிகை என்று நம்பி, அலோபதி மருந்தையே அளவு தெரியாமல் விழுங்கியிருக்கிறார்கள். இதனால் மூலிகை எல்லாம் ஏமாற்று என்றாகிவிடாது. திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா ஆயுர்வேதக் கல்லூரியும் உண்டு, நவீனப் புற்றுநோய் மருத்துவமனைகளும் உண்டு. ஆட்டோவில் போகும் தூரம்தான். அந்தத் தூரத்தை நோயாளி கடப்பார். அவர் விழுங்குவதைப் பற்றிய செய்தி கடப்பதில்லை.

ஆகஸ்டு இறுதியில் மருந்து மீண்டும் தொடங்கியது. நான்குக்குப் பதில் மூன்று, வெறும் வயிற்றில். ஒரே ஒரு மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலையுணவோடு கொடுத்தாலும் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ அதேபோல் இறங்கியது என்று 72 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றை மகள் படித்திருந்தார், கேட்டார். இந்தியாவில் செலவைக் கருதிச் சில மருத்துவர்கள் அவ்வாறு கொடுப்பதுண்டு. “அது அளந்து செய்வது, அம்மா. நெய் எத்தனை கரண்டி என்று தெரியாமல் செய்வது அன்று” என்றார் மருத்துவர். வாங்க இயலாத நிலை வந்தால் அந்த வழியைப் பேசலாம் என்றும் சொன்னார்.

இம்முறை மனைவிக்குப் பத்தியம் கிடைத்தது. ஊசியும் பிரெட்னிசோலோனும் எலும்பை மெலிவிக்கும், சர்க்கரையை ஏற்றும், தசையைக் குறைக்கும். ஆகவே உணவு காக்கவேண்டியது இவற்றைத்தான் என்று உணவியலாளர் தெலுங்கில் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் எழுதிக்கொண்டார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டி அரைத்தால் உடலில் சேர்வது மேலும் எளிது. வயதானவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அதற்காகக் கால்சியம் மாத்திரையை அள்ளி விழுங்கவும் கூடாது. எவ்வளவு, வைட்டமின் டி எவ்வளவு என்பதைப் பரிசோதித்துச் சொல்வார்கள். முட்டை, கொள்ளு, பருப்பு தசைக்கு. ராகி சங்கடியும் உலவச்சாறும் சித்தூர் மாவட்டத்து வீடுகளில் தலைமுறைகளாக இருப்பவை. மாத்திரை அட்டையைப் பார்த்ததுபோல் ஆசிரியர் அதை வியந்து பார்க்கவில்லை, “களிதானே” என்றார். திருப்பதி லட்டு மட்டும் சிறு துண்டாகச் சுருங்கியது.

அலிபிரி வழியாக 3,550 படிகளை ஏறி வருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். உடற்பயிற்சிதானே என்று மகளும் நினைத்தார். 2010-இல் ஆஸ்திரேலியாவில், இதே இயக்குநீர்ச் சிகிச்சையிலிருந்த 57 ஆண்களிடம் பன்னிரண்டு வாரம் பளுப்பயிற்சியும் நடையும் தசையையும் வலிமையையும் கூட்டியதைக் காட்டியிருந்தனர். புட்டிகளைவிட உறுதியான சான்று அது. ஆனால் ஆசிரியரின் இடுப்பெலும்பில் கறை இருந்தது. படியிறங்கும்போது தவறினால் எலும்பு முறியலாம். மருத்துவர் படியை மறுத்துச் சமதளத்தை அனுமதித்தார். உட்கார்ந்தபடி கைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தார். வேண்டுதலை மனைவி தம்மேல் மாற்றிக்கொண்டார். முழங்கால் வலியோடு ஆறு மணிநேரத்தில் ஏறினார்.

இப்போது சித்தூர் வீட்டில் விடியற்காலை ஆறு மணிக்கு மூன்று மாத்திரைகள் ஒரு தம்ளர் தண்ணீரோடு இறங்குகின்றன. பிறகு ஆசிரியர் கட்டமஞ்சிப் பக்கம் மெல்ல நடந்துவிட்டு வருவார். சமையலறையில் களி வெந்து மூடியிருக்கும். அவர் தாழ்வாரத்தில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரிப்பார். மனைவி கடிகாரத்துக்கு எதிரே அமர்ந்திருப்பார். அரைமணிக்கு ஒருமுறை “பசிக்குதாங்க?” என்று கேட்பார். ஏழு அடித்ததும் எழுந்துபோய்த் தட்டை எடுத்துவருவார். தட்டின் ஓரத்தில், ஒரு சிறு கிண்ணத்தில், மதனப்பள்ளித் தக்காளியில் செய்த தொக்கு இன்னமும் இருக்கிறது.